மழை தாளம் போடுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் இசைக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாக எழுதியிருந்தார்கள், அருவிப் படமும் அழகு. ஆனால் மழை, அலை, இதயத்துடிப்பு எல்லாவற்றிலும் தாளம் இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் மனிதன் தாளம் போடக் கற்றுக்கொண்டான் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கச்சேரிக்குத் தலைமை தாங்க வருகிறவர் தவறாமல் சொல்கிறார், கைதட்டலும் கிடைக்கிறது. நான் திருவையாற்றில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன். பெரிய வித்வான் என்று நினைத்துவிட வேண்டாம், சாயங்காலம் திண்ணையில் பாய் விரித்து நடக்கும் வகுப்புதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வெளியே பெய்கிற மழையை வைத்துக்கொண்டு எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போட்டுப் பாருங்கள், ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, முடிவதற்குள் கை தடுமாறும்.

மழைத்துளி ஒன்றுக்கொன்று கலந்து பேசிக்கொண்டு விழுவதில்லை. ஓட்டுக் கூரையில் கேட்பது ஆயிரம் பேர் ஆளுக்கொரு காலத்தில் தட்டுகிற சத்தம், அதில் நமக்கு வேண்டிய தாளத்தை நம் காதுதான் தேடிப் பிடித்துக்கொள்கிறது. மழை விட்ட பிறகு தாழ்வாரத்திலிருந்து சொட்டுகிறதே, அது கொஞ்சம் ஒழுங்காக இருப்பது போலத் தெரியும், ஆனால் கூரையில் தண்ணீர் குறையக் குறைய இடைவெளி நீண்டுகொண்டே போகும். அப்படி ஒரு பையன் வாசித்தால் “ஏன்டா இழுக்கிறே” என்று தொடையில் ஒன்று வைப்பேன். கடல் அலையும் இதே கதைதான். இதயம் என்கிறார்கள். லப் என்ற முதல் சத்தத்துக்கும் டப் என்ற இரண்டாவதுக்கும் நடுவே இடைவெளி குறைவு, டப்புக்கும் அடுத்த லப்புக்கும் அதிகம், போதாததற்கு மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகம் பிடிக்கிறது, விடும்போது நிதானமாகிறது. உயிரோடு இருப்பதற்கு அதுதான் அடையாளம், ஆனால் அதை வைத்து யாரும் காலப்பிரமாணம், அதாவது வேகம் பிசகாமல் வாசிப்பது, பழக முடியாது.

குழாய் சொட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். 1984இல் ராபர்ட் ஷா என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதை மட்டுமே வைத்து ஒரு சிறு நூல் எழுதினார். மிகக் குறைவாகத் திறந்தால் சொட்டுகள் சம இடைவெளியில் விழும். இன்னும் துளி திறந்தால் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும், குறுகிய இடைவெளி ஒன்று, நீண்டது ஒன்று, மறுபடி குறுகியது, நீண்டது என்று. மேலும் திறந்தால் அடுத்த சொட்டு எப்போது விழும் என்று கணக்குப் போட்டே சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடும். எல்லாக் குழாயிலும் இது அமையாது, எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் குழாயில் கொஞ்ச நேரம் பொறுமையாகத் திருகினால் அந்த இரட்டைச் சொட்டு அகப்படும். டக்டக், டக்டக், டக்டக் என்று கேட்கும்போது பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சரி, அந்தக் குஷியில் தாளம் போட ஆரம்பித்தால் தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கிவிடும், சொட்டும் மாறிவிடும்.

சுவர்க்கோழி இன்னும் வேடிக்கை. ஆண் பூச்சி சிறகோடு சிறகை உரசி எழுப்பும் சத்தம் அது, கேட்கும்போது மணிக்கணக்கில் ஒரே சீராக இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அந்தச் சீர் வெப்பத்தைப் பொறுத்தது. 1897இல் அமோஸ் டோல்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதற்கு ஒரு சூத்திரமே எழுதி வைத்தார். நிமிடத்துக்கு 40 முறை கத்தினால் வெப்பம் 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதற்கு மேல் ஒவ்வொரு 4 கத்தலுக்கும் ஒரு டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும். அவர் சொன்னது அந்த ஊர்ப் பூச்சியைப் பற்றி, நம் ஊர்ப் பூச்சிக்கு அதே எண் பொருந்த வேண்டும் என்பதில்லை, ஆனால் மார்கழி விடியலில் சுவர்க்கோழி மெதுவான விளம்ப காலத்தில் கத்துவதையும் சித்திரை இரவில் வேகமான துரித காலத்துக்குப் போய்விடுவதையும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வெயிலுக்குத் தக்கபடி காலப்பிரமாணத்தை மாற்றிக்கொள்ளும் வித்வானை எந்தப் பாடகர் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்வார்?

ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பறவை பார்க்கிறவர்கள் அடுத்த வாரம் உங்களுக்குக் கடிதம் போட்டுவிடுவார்கள். செம்மார்புக் குக்குறுவான். கோடை உச்சி வெயிலில் அரசமரத்திலும் ஆலமரத்திலும் உட்கார்ந்துகொண்டு டுக், டுக், டுக் என்று செம்புப் பாத்திரம் தட்டுகிற மாதிரி விடாமல் கத்தும். முதல் சில அடிகள் மெல்லமாகத் தொடங்கும், அப்புறம் ஒரே அளவு, ஒரே காலம். நிமிடத்துக்கு 108 முதல் 121 வரை என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். அலகைத் திறக்காமலேயே கத்தும், தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொள்வதால் சத்தம் எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இயற்கையில் மெட்ரோனோமுக்கு, அதாவது டிக் டிக் என்று சீராகக் காலம் காட்டும் கருவிக்கு, மிக அருகில் வருகிற ஜீவன் எனக்குத் தெரிந்து இதுதான். ஆனால் பாருங்கள், இதைக் கேட்டு உருகிப் பாடிய கவிஞர் யாரையும் நான் படித்ததில்லை. அக்காக்குயிலோ நேர் எதிர். ஒவ்வொரு கத்தலுக்கும் சுருதி ஏறும், வேகமும் ஏறும், உச்சத்துக்குப் போய்ப் பட்டென்று நின்றுவிடும், மறுபடி கீழிருந்து தொடங்கும். தாளத்தில் வைத்துப் பார்த்தால் காலம் நிற்காமல் வேகமெடுத்து ஓடிவிடுகிற ஆள். ஆனால் நின்று கேட்கத் தோன்றுவது அதைத்தான்.

அப்படியானால் இயற்கையிலிருந்து நம் ஆட்கள் எடுத்துக்கொண்டது என்ன? எதையும் எடுக்கவில்லை என்பது என் வாதமில்லை. எடுத்தார்கள், நிறையவே எடுத்தார்கள், ஆனால் எடுத்தது வேறு.

பரதரின் நாட்டிய சாஸ்திரத்தில் தோல் வாத்தியங்களைப் பற்றிச் சொல்லும் பகுதியில் ஒரு கதை வரும். பாடம் இல்லாத ஒரு நாள், வானம் மூடியிருக்கிறது, சுவாதி என்ற முனிவர் தண்ணீர் எடுக்கப் பொய்கைக்குப் போகிறார். போன இடத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. காற்று வேறு அடிக்கிறது. தாமரை இலைகள் மேல் தாரை விழுந்து சத்தம் எழும்புகிறது, பெரிய இலையில் ஒரு மாதிரி, நடுத்தர இலையில் ஒரு மாதிரி, சிறிய இலையில் ஒரு மாதிரி. முனிவர் அதிசயப்பட்டு நின்று கவனித்துக் கேட்கிறார், ஆசிரமத்துக்குத் திரும்பி விசுவகர்மாவின் துணையோடு மிருதங்கமும் மற்ற வாத்தியங்களும் செய்கிறார். புராணக் கதைதான், நடந்ததா என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் கதை கட்டியவர் காது இருக்கிறதே, அது லேசுப்பட்டதில்லை. மழை ஆறு தட்டு விழுந்தது, எட்டுத் தட்டு விழுந்தது என்று அவர் எழுதவில்லை. கனம், மத்திமம், மென்மை என்று மூன்று நாதம் கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறார். முனிவர் பொய்கையிலிருந்து கொண்டுபோனது தாளக் கணக்கை அல்ல, சொல்லை. எங்கள் பாஷையில் சொல் என்றால் வாத்தியத்தில் விழும் அடியின் நாதம், தொம், நம், தி, டின் என்று வாயால் சொல்லுகிறோமே, அது.

போன ஐப்பசியில் வகுப்பு நடக்கும்போது நல்ல மழை. மிருதங்கத்தை எல்லாம் உள்ளே வைத்துவிட்டு (ஈரம் பட்டால் தொப்பி, அதாவது இடப்பக்கத் தோல், தொங்கிப் போகும்) பிள்ளைகளை வரிசையாகத் திண்ணையில் உட்கார்த்தி, எந்தப் பொருளில் மழை என்ன சொல் சொல்கிறது என்று கேட்டேன். கிணற்றடியில் வாழை இருக்கிறது, அதன் அகல இலையில் விழுந்தால் இடக்கையால் தொப்பியைத் திறந்து அடித்த தொம். பக்கத்தில் சேம்பு, தண்ணீர் ஒட்டாமல் உருண்டுவிடும் இலை, அதில் சின்னதாக ஒரு தி. கீழே கிடந்த தேக்குச் சருகில் விழுந்தது கி என்றான் ஒருவன், இல்லை டக் என்றாள் ஒருத்தி, சண்டையே வந்துவிட்டது. பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தோம், அதற்கு எந்தச் சொல்லும் ஒத்துவரவில்லை, வாளி வாளியாகவே இருந்தது. அதுவரை நம் என்றும் தொம் என்றும் புத்தகத்தில் எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்த பையன் அடுத்த வகுப்பில் வலப்பக்கத் தோலான வலந்தலையில் விரலை எங்கே வைத்தால் நாதம் திறக்கிறது என்று தானாகவே தேட ஆரம்பித்தான். அதன் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமான கரணையைத் தடவித் தடவிப் பார்த்தான். அந்தக் கரணை சும்மா இல்லை, நடுவில் அதைப் பூசுவதால்தான் மிருதங்கத்தின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசைந்து நிற்கின்றன என்பதை சர் சி. வி. ராமன் 1920இலேயே எழுதிவிட்டார். மற்றத் தோல்வாத்தியங்கள் பலவற்றில் அந்த இசைவு கிடையாது. சுவாதி முனிவர் கதைக்கும் ராமனின் ஆராய்ச்சிக்கும் நடுவே எத்தனையோ தலைமுறை வாத்தியக்காரர்கள் பசையையும் பொடியையும் பிசைந்து பிசைந்து பார்த்து அந்த நாதத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

நம் சங்கப் புலவர்கள் காதும் இதே பக்கம்தான் சாய்கிறது. அகநானூறு 82, கபிலர் பாட்டு. மூங்கிலில் துளை விழுந்திருக்கிறது, அதில் மேல்காற்று நுழைவது குழலிசை. அருவி விழுவது முழவு என்ற தோல்வாத்தியத்தின் குரல். கலைமான் கூட்டம் எழுப்பும் கடுங்குரல் தூம்பு என்ற ஊதுகருவி. வண்டு யாழ். இத்தனையும் சேர்ந்து ஒலிக்க மயில் ஆடல்மகளான விறலி மாதிரி ஆடுகிறது, மந்திகள் சபையாக உட்கார்ந்து மருண்டு பார்க்கின்றன. முழுக் கச்சேரியே நடக்கிறது, ஆனால் தாளம் போடுகிற ஆள் அந்த மலைச்சாரலில் இல்லை. அருவியை முழவோடு ஒப்பிட்டவர் அதன் குரலைத்தான் ஒப்பிட்டார். குறுந்தொகை 193இல் சுனைத் தேரையின் சத்தத்தைத் தட்டைப் பறைக்கு ஒப்பிட்டதும் அப்படித்தான், தினைப்புனத்தில் கிளி ஓட்டத் தட்டுகிற மூங்கில் தட்டையின் கரகர ஓசை அது.

இங்கே எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருவையாற்றுப் பதிகத்தில் சம்பந்தர் இதைத் திருப்பிப் போட்டிருப்பார். கோயிலை வலம்வந்த பெண்கள் நடனமாடுகிறார்கள், முழவு அதிர்கிறது, அதைக் கேட்ட சில மந்திகள் மழை வந்துவிட்டது என்று பயந்து மரமேறி மேகத்தைப் பார்க்கின்றன. கபிலரின் மந்தி இயற்கையைக் கச்சேரியாகக் கேட்டது, சம்பந்தரின் மந்தி கச்சேரியை இயற்கையாகக் கேட்டது. குரங்கு ஏமாந்ததும் நாதத்தில்தான். அந்த முழவு ஆதி தாளத்தில் அதிர்ந்ததா சாப்பில் அதிர்ந்ததா என்று அது விசாரிக்கவில்லை.

காலத்தை இயற்கையிலிருந்து எடுக்கவே இல்லையா என்றால், அதை அளக்கும் அலகை எடுத்தார்கள். பாணினீய சிட்சை என்ற சமஸ்கிருத நூலில் அழகாக ஒரு செய்யுள் இருக்கிறது. பனங்காடை கத்துவது ஒரு மாத்திரை, காக்கை இரண்டு, மயில் மூன்று, கீரி அரை. தொல்காப்பியர் அவ்வளவு தூரம் போகவில்லை, கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும்தான் மாத்திரை என்று நம் உடம்பிலேயே முடித்துவிட்டார். எனக்கு அந்தக் கீரியை நினைத்தால் சிரிப்பு வரும், அரை மாத்திரையை அளக்க அதைப் போய்ப் பிடித்தவருக்கு என்ன பொறுமை இருந்திருக்க வேண்டும். ஆனால் காக்கையும் மயிலும் மாத்திரையை நமக்குக் கொடுத்தன என்றே வைத்துக்கொண்டாலும் அவற்றை எட்டு எட்டாகக் கட்டி, முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கச் செய்தது மனிதன். அது எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டால் என் மனசுக்குப் படுவது உரலும் ஏற்றமும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலம் கொஞ்சம் பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதும். அங்கே தாளம் அலங்காரத்துக்கு இல்லை, கை உடையாமல் இருப்பதற்கு. உலக்கை போடும்போது பாடும் வள்ளைப்பாட்டும் ஏற்றம் இறைக்கும்போது பாடும் ஏற்றப்பாட்டும் அங்கே பிறந்தவைதான்.

அப்புறம் வடிவம். தாளத்தின் பத்து அடிப்படைக் கூறுகளான பத்துப் பிராணன்களில் யதி ஒன்று, சொற்கள் வளர்ந்தோ தேய்ந்தோ போகிற வடிவம் அது. அதில் கோபுச்ச யதி என்றால் மாட்டு வால், மேலே அகலமாகத் தொடங்கி வரவரச் சிறுத்து முடிவது. ததிகிணதொம், திகிணதொம், கிணதொம், ணதொம், தொம். ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. சொல்லிப் பாருங்கள், வாய்க்கே ருசியாக இருக்கும். இதைத் திருப்பிப் போட்டால் ஸ்ரோதோவஹ யதி, ஊற்றாகக் கிளம்பி ஆறாக அகலுவது. முத்துஸ்வாமி தீட்சிதர் ஆனந்தபைரவியில் செய்த ‘தியாகராஜ யோக வைபவம்’ கிருதியில் சாகித்தியமே அப்படி அமைந்திருக்கிறது. பல்லவியில் தியாகராஜ யோக வைபவம், அகராஜ யோக வைபவம், ராஜ யோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம் என்று தேய்ந்துகொண்டே வரும், ஒவ்வொரு தேய்விலும் பொருள் கெடாது. சரணத்தில் சம், பிரகாசம், ஸ்வரூப பிரகாசம் என்று வளர்ந்துகொண்டே போகும். இதைவிடச் சாமர்த்தியமாக இன்னொருவர் செய்துவிட முடியுமா என்று தெரியவில்லை. இதில் ஆறும் மாடும் கொடுத்தது அடியின் எண்ணிக்கையை இல்லை, அகலம் குறுகுவது, குறுகியது அகலுவது என்ற அந்தப் போக்கைத்தான். இன்னொன்று, ஆறு என்றால் போகப்போகப் பெருகும் என்று எழுதியவர் எங்கள் காவிரியைப் பார்த்திருக்க மாட்டார். கல்லணையைத் தாண்டிப் பிரிந்து பிரிந்து பூம்புகார் போய்ச் சேர்வதற்குள் வாய்க்கால் அளவுக்கு வந்துவிடும் அது. சுத்தமான கோபுச்சம்.

இப்போது தவளைக்கு வருகிறேன், உண்மையில் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான், ஏனென்றால் தவளையைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லை.

முதல் மழை பெய்து வயலில் தண்ணீர் நின்றதும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரப்பில் போய் நின்று கேளுங்கள். முதலில் ஒரே இரைச்சலாக இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் பக்கத்தில் இருக்கிற இரண்டு தவளை மட்டும் தனியாகப் பிரிந்து கேட்கும். ஒன்று கத்தி முடித்த இடைவெளியில் மற்றது கத்தும், அது விட்ட இடத்தில் இது. மேலே விழாது. காரணம் எளிது, கத்துவது ஆண், பெண்ணைக் கூப்பிடுவதற்காகக் கத்துகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் எங்கே இருக்கிறார் என்று வருகிறவளுக்குத் தெரியாது. ஜப்பானில் இக்கியு ஐஹாரா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை மரத்தவளைகளிடம் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் எரிகிற சின்னச் சின்ன விளக்குகளை வயலோரம் வரிசையாக வைத்து இருட்டில் வீடியோ எடுத்தார்கள், எந்தத் தவளை எப்போது கத்துகிறது என்பது விளக்கு எரிவதிலேயே தெரிந்துவிடும். இரண்டு தவளை என்றால் மாற்றி மாற்றி. மூன்று வந்தால்தான் சிக்கல், ஏனென்றால் மூன்று பேரும் மூன்று பேரோடும் மாற்றிக் கத்த முடியாது அல்லவா. அப்போது இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, மூன்றும் காலத்தை மூன்றாகப் பங்கு போட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தும். இன்னொன்று, இரண்டு சேர்ந்துகொண்டு மூன்றாவதுக்கு மாற்றாகக் கத்தும். அதே தவளைகளே கொஞ்ச நேரம் இப்படி, கொஞ்ச நேரம் அப்படி.

இதைப் படித்ததும் எனக்கு மிருதங்கம், கடம், கஞ்சிரா மூன்றும் உட்காரும் தனி ஆவர்த்தனம்தான், கச்சேரியில் தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் பகுதிதான், ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கேட்க வேண்டும், விட்ட இடத்தில் எடுக்க வேண்டும், குறைப்பில் ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒருவர் அடியும் மற்றவர் அடியும் சேர்ந்தால்தான் ஒரு சொற்கட்டு முழுசாகும் என்கிற அளவுக்கு நெருங்கிவிடுவார்கள். தவளைக்குக் குறைப்பும் தெரியாது, அதை முடித்துவைக்கும் சொற்கோப்பான கோர்வையும் தெரியாது. ஆனால் இடைவெளி எங்கே என்று கேட்டு அதில் தன் அடியை வைப்பது தெரியும். தாள வாத்தியக்காரனுக்கு அதில் பாதி வித்தை அடங்கியிருக்கிறது, மற்றவர் வாசிக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு கார்வையில், அதாவது அவர் அடிகளுக்கு நடுவே விடுகிற இடைவெளியில், கை வைக்காமல் இருக்கத் தெரிந்துவிட்டால் மீதியைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பிள்ளைகளுக்கு இதைப் பயிற்சியாகவே வைத்திருக்கிறேன். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும், தாளம் போடக் கூடாது, தொடையில் தட்டக் கூடாது. ஒருவர் த, மற்றவர் க, அவரவர் இடைவெளியில். கொஞ்சம் நிலைத்ததும் மூன்றாவது ஆள் உள்ளே வருவான், அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும், யார் எப்படி நகர்ந்துகொள்வது என்று பேசிக்கொள்ளக் கூடாது. முதலில் ஒரே களேபரமாக இருக்கும். பிறகு தானாகத் தகிட என்று மூன்றாகப் பிரிந்துகொள்வார்கள், அல்லது இரண்டு பேர் ஒட்டிக்கொள்வார்கள். ஜப்பான் தவளை செய்த இரண்டு வழியும்தான். அப்படித் திஸ்ரம், அதாவது மூன்று மூன்றான நடை, பிறந்ததைக் கேட்ட பிள்ளைக்கு அதற்கப்புறம் திஸ்ர நடையைப் பலகையில் எழுதிக் காட்ட வேண்டியதே இல்லை.

வெளிநாட்டிலும் உதாரணம் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கேப் யார்க் பகுதியில் ஒரு கருங்கொண்டைக் கிளி இருக்கிறது, ஆண் பறவை குச்சியை ஒடித்துக் காலில் பிடித்துக்கொண்டு மரப் பொந்தில் தட்டும், ஆளுக்கு ஆள் பாணி வேறு என்று 2017இல் எழுதினார்கள். மடகாஸ்கரில் இந்திரி என்ற லெமூர் பாடும்போது இடைவெளிகள் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் விழுவதாக 2021இல் ஒரு ஆய்வு வந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் வாழ்நாள் முழுக்கக் காட்டுக்கும் மேட்டுக்கும் போய்ப் பறவைக் குரலைச் சுரத்தில் எழுதிக்கொண்டு வந்தவர். அதே மனிதர் தாள அமைப்பு வேண்டும் என்றபோது சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் இருக்கும் 120 தேசி தாளங்களையும் எடுத்து வைத்துக்கொண்டார். பறவை அவருக்கு எவ்வளவோ கொடுத்தது, இருந்தாலும் தாளத்துக்கு நம் ஊர்ப் புத்தகத்தையும் தேடி வந்தார் பாருங்கள்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். இப்போது வகுப்புக்கு வருகிற பெற்றோர் பலர் முதலில் கேட்பதே “சார், எந்த ஆப் போடட்டும்” என்றுதான். போனில் டிக் டிக் என்று மெட்ரோனோம் ஓடும், பிள்ளை அதற்கு வாசிக்கும், ஒரு தப்பும் இருக்காது. போனை எடுத்துவிட்டு ஒரு வர்ணத்துக்கு வாசிக்கச் சொன்னால் சரணத்தில் குடுகுடு என்று ஓடிப்போய்விடும், பாடுகிற பெண் மூச்சு வாங்க நின்றாலும் இவனுக்குத் தெரியாது. டிக் சத்தம் யாரையும் கேட்பதில்லை, நீ கேட்டால் போதும். சாதகத்துக்கு ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே வைத்திருக்கிறேன். ஆனால் அதையே இயற்கையின் துடிப்பு என்று நினைத்து வளருகிற பிள்ளையிடம் மழையில் தாளம் இருக்கிறது, அலையில் தாளம் இருக்கிறது என்று நாமும் சேர்ந்து சொன்னால், அது வெளியே போய்க் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் டிக் டிக் என்று இல்லையே என்று மறுபடி போனுக்கே வந்துவிடும். வாழை இலையில் தொம் கேள், தவளையிடம் இடைவெளி கேள், மாட்டு வாலில் கோர்வையின் வடிவம் பார் என்று சொன்னால் போகிற பிள்ளைக்கு ஏதாவது கையில் கிடைக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மார்கழி வந்தால் சபா விமர்சனத்துக்கும் கேண்டீன் தோசைக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறீர்கள், அதில் அரைப் பக்கத்தைத் தவில்காரர்களுக்கும் பறை அடிக்கிறவர்களுக்கும் கடம் வாசிக்கிறவர்களுக்கும் கொடுங்கள். சின்ன வயதில் எந்தச் சத்தத்தைக் கேட்டுக் கையில் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். தாளக் கணக்கைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், சத்தத்தைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சிறுவர் பக்கத்தில் இலைச் சத்தத்தைச் சொற்கட்டாக எழுதி அனுப்பச் சொல்லலாம், ஐப்பசி மழைக்கு முன்னால் அறிவித்துவிட்டால் சரியாக இருக்கும்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாவிட்டால் தாராளமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சமாசாரத்தை வெட்டினாலும் பரவாயில்லை, தவளையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மிருதங்க வாத்தியார்,
திருவையாறு.